80 நாள் டீச்சர் வேலை, கையில் பைசா இல்லை: பி.எட். இன்டர்ன்ஷிப்பில் என்ன நடக்கிறது?

காலை ஏழரை மணிக்கு ஆவடி ரயில் நிலையத்தில் நின்றால் இரண்டு விதமான பயிற்சியாளர்களைப் பார்க்கலாம். ஒருவர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு, தோளில் சாப்பாட்டுப் பை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் பட்டதாரி அப்ரண்டீஸ். இன்னொருவர் கல்லூரி யூனிபார்ம் சேலையில், கையில் சுருட்டிய சார்ட் பேப்பரோடு நிற்கிறார். பையில் நாலைந்து ரெக்கார்டு நோட்டு. பி.எட். இரண்டாம் ஆண்டு, அரசுப் பள்ளியில் இன்டர்ன்ஷிப்.

இருவரும் டிகிரி முடித்தவர்கள். இருவரும் வேலை கற்றுக்கொள்ளத்தான் போகிறார்கள். முதலாமவருக்கு மாதம் பிறந்தால் உதவித்தொகை வரும். 1961-ம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று தொகையையும் எழுதி வைத்தன. இரண்டாமவருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அவர் கல்லூரிக்கு ஃபீஸ் கட்டிவிட்டு, சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு, 80 வேலை நாள் பாடம் நடத்தப் போகிறார்.

'படிப்புதானே, இதுக்கு எதுக்குச் சம்பளம்?' என்ற கேள்வி உடனே வரும். வரட்டும். அதற்கு முன்னால் இந்த 80 நாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு?

2015-க்கு முன்பு பி.எட். ஓராண்டுப் படிப்பு. 'டீச்சிங் பிராக்டீஸ்' என்ற பெயரில் சில வாரங்கள் பள்ளிக்குப் போய், குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாடம் எடுத்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. நாடு முழுக்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் காளான் மாதிரி முளைத்த காலம் அது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டு, 2012-ல் அறிக்கை வந்தது. படிப்புக் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், அதாவது என்.சி.டி.இ., 2014-ல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். இரண்டு ஆண்டு. பள்ளியோடு நேரடித் தொடர்பு மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் அந்த 16 வாரம்தான் 80 நாள். வகுப்பறைப் படிப்புக்கு 80 சதவீத வருகை போதும். இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வேண்டும். 80 நாளில் 72 நாள் கட்டாயம் பள்ளியில் இருக்க வேண்டும். காய்ச்சல், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஊரில் துக்கம் எல்லாம் சேர்த்து எட்டு நாளுக்குள் அடங்கியாக வேண்டும்.

விதியின் நோக்கம் நல்லது. முதலில் ஒரு வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து, அனுபவமுள்ள ஆசிரியர் எப்படி வகுப்பை நடத்துகிறார் என்று கவனிக்க வேண்டும். பிறகு 6 முதல் 8 வரை ஒரு நிலை, 9, 10 அல்லது மேல்நிலை இன்னொரு நிலை என்று இரண்டிலும் பாடம் எடுக்க வேண்டும். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் வகுப்புக்கு வந்து பார்த்து, எங்கே சறுக்கியது என்று சொல்ல வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படிக்கிற பையனே பாடம் சொல்லிக்கொடுப்பது சென்னைக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை அதைத்தான் செய்தான். எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், 1789-க்குப் பிறகு பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கே அதற்குப் பெயர் 'மெட்ராஸ் சிஸ்டம்'. அது பரவியதற்கு முக்கியக் காரணம் செலவு குறைவு என்பதுதான். சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர், சம்பளம் இல்லாத பையன்கள் பத்துப் பேர்.

முறையான பயிற்சிக் கல்லூரிக்கும் இங்கே வயது அதிகம். சைதாப்பேட்டை கல்லூரியின் தொடக்கம் 1856. ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் அங்கே பயிற்சி பெற்றவர்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: அவர் முதலில் பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார், அதன் பிறகுதான் சைதாப்பேட்டைக்குப் பயிற்சிக்குப் போனார். இன்றைக்கு வரிசை தலைகீழ்.

பள்ளிக்குள் போனதும்

தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் எல்லாம் 2008-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரி கேட்கும்; முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியோடு பள்ளி ஒதுக்கப்படும்; மாணவர் அனுமதிக் கடிதத்தோடு ஹெச்.எம். முன்னால் போய் நிற்பார். காகிதத்தில் இவ்வளவுதான்.

முதல் நாளே தெரியும், கல்லூரியில் கற்றது வேறு, இது வேறு என்று. கல்லூரியில் 'மைக்ரோ டீச்சிங்' நடக்கும். ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன்: பாடத்தைத் தொடங்குவது, கிளர்வினா கேட்பது, வலுவூட்டுவது. முன்னால் மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் சக தோழிகள்தான். கேள்வி கேட்டால் கை தூக்குவார்கள், பதிலும் சரியாக வரும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை இது. கெட்ட முறை இல்லை. ஆனால் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடுக்கு அது உங்களைத் தயார் செய்யாது.

அதுவும் மேற்குப் புறநகரில். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி சாலையோரக் குடோன்கள் என்று எங்கு பார்த்தாலும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பிள்ளை வகுப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும். பேச்சுத் தமிழ் ஓரளவு புரியும், பாடப்புத்தகத் தமிழ் புரியாது. பக்கத்து பெஞ்சில் ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வந்த, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை இருக்கலாம். பி.எட். பாடத்திட்டத்தில் 'பாடத்திட்டம் முழுவதும் மொழி' என்று ஒரு தாளே உண்டு. வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அறிவியலை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. தேர்வில் பத்து மதிப்பெண் வினாவாக அதை எழுதுவது சுலபம். 'பின்னம்' என்ற சொல்லே புரியாத பிள்ளைக்கு அரை ரொட்டியைக் காட்டிப் புரியவைத்த பயிற்சி ஆசிரியர், அந்தத் தாளில் என்ன மார்க் வாங்கியிருந்தாலும், அந்த ஒரு பீரியடில் அதைவிட நிறைய கற்றுக்கொள்கிறார்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வைத்திறன் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. உள்ளடக்கிய கல்வி என்று பாடப்புத்தகம் பேசுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பகுதி மாணவர்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. இப்படிப் பார்த்தால் ஆசிரியர் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் சென்னையைச் சுற்றிக் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை பெரும்பாலும் இரண்டாம் வாரம் ஸ்டாஃப் ரூமில் தொடங்குகிறது. 'இன்னைக்கு அந்த சார் லீவு. நீங்க செவன்த் பி-யைக் கொஞ்சம் பார்த்துக்கங்க.' ஒரு நாள் என்றால் பரவாயில்லை, பள்ளி என்றால் அப்படித்தான். ஆனால் அந்த சார் லீவில் இல்லை, அந்தப் பணியிடமே காலி என்றால்? பயிற்சிக்கு வந்தவர் கணக்கு டீச்சராகிவிடுவார். கால அட்டவணையில் அவர் பெயர் ஏறும். பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய வாரம் காணாமல் போகும். அவர் எப்படி நடத்துகிறார் என்று வகுப்பில் வந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, ஏனென்றால் பார்க்க வேண்டியவர் அந்த நேரத்தில் இன்னொரு வகுப்பில் இருப்பார்.

இதற்கு நேர் எதிரான பள்ளிகளும் உண்டு. 'பப்ளிக் எக்ஸாம் வருது, போர்ஷன் முடிக்கணும், பத்தாம் வகுப்பைத் தொடாதீங்க' என்று சொல்லிவிட்டு, பேப்பர் திருத்தவும், கணினியில் விவரம் ஏற்றவும், காலை வணக்கக் கூட்டத்துக்கு வரிசை நிற்கவைக்கவும் பயிற்சி ஆசிரியரை வைத்துக்கொள்வது. எந்தப் பள்ளியையும் இதற்காகத் திட்டி என்ன பயன்? வழிகாட்டி ஆசிரியராக இருப்பவருக்கு அதற்காக ஒரு பீரியடும் குறைவதில்லை, ஒரு ரூபாயும் கூடுவதில்லை. அவருக்கு அது இன்னொரு தலைவலி. மனசு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சி இன்றைக்கும் அவர்கள் தயவில்தான் ஓடுகிறது. நல்ல வழிகாட்டி கிடைப்பது லாட்டரி மாதிரி இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

மாலையில் வீட்டுக்குப் போனால் ரெக்கார்டு. பாடக்குறிப்பு, உற்றுநோக்கல் பதிவேடு, அடைவுத் தேர்வின் புளூ பிரின்ட், தனியாள் ஆய்வு, கற்பித்தல் துணைக்கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர் பார்ப்பது இந்த நோட்டுகளைத்தான்; ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு என்ன கற்றது என்பதை அவர் பார்க்கப் போவதில்லை. அதனால் சீனியரின் ரெக்கார்டை வாங்கி அப்படியே எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான்கு வருடம் முந்தைய பாடக்குறிப்பு, பெயரும் தேதியும் மட்டும் மாறி, இன்னொரு நோட்டில் மறுபிறவி எடுக்கும்.

இதையெல்லாம் தாண்டி இன்னொரு ரகமும் உண்டு: கல்லூரிக்கும் வராமல், பள்ளிக்கும் போகாமல், தேர்வுக்கு மட்டும் வந்து சான்றிதழ் வாங்கிப் போகிறவர்கள். 'அட்டென்டன்ஸ் நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்லும் கல்லூரிகள் இருக்கும்வரை இவர்களும் இருப்பார்கள். ஆவடியில் ரயில் பிடித்து நிற்பவர் வாங்கும் அதே சான்றிதழ்தான் இவர்களுக்கும் கிடைக்கிறது.

யாருக்குக் கதவு மூடுகிறது?

அம்பத்தூரில் ஐ.டி. பார்க்குகள் வந்து வருடங்கள் ஆகின்றன. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் கேப்பில் வீடு திரும்புகிறவர்களில், 'பேசாம டீச்சர் ஆகியிருக்கலாம்' என்று ஒரு முறையாவது நினைக்காதவர் குறைவு. சிலர் நிஜமாகவே முயற்சி செய்கிறார்கள். என்.சி.டி.இ. விதிப்படி, அறிவியலும் கணிதமும் படித்த பி.இ., பி.டெக். பட்டதாரிகள் 55 சதவீத மதிப்பெண்ணோடு பி.எட். சேரலாம். பள்ளிக்குக் கணக்கும் அறிவியலும் தெரிந்தவர்கள் தேவை. இவர்களிடம் அது இருக்கிறது.

ஆனால் இரண்டு ஆண்டு வருமானம் இல்லாமல் இருக்க வேண்டும். அதில் முதல் ஆண்டையாவது ட்யூஷன் எடுத்து, வார இறுதியில் வேலை பார்த்துச் சமாளிக்கலாம். இன்டர்ன்ஷிப் காலத்தில் அதுவும் முடியாது. காலை எட்டரைக்குப் பள்ளி, மாலை ஐந்துக்கு வீடு, இரவு ரெக்கார்டு. 'அப்போ அஞ்சல் வழியில் படிக்கலாமே' என்று தோன்றும். தொலைநிலைக் கல்வி பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு நேரடி வகுப்பு ஒன்றுதான் வழி.

மாறுகிறவர்களை விடுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள்தான் பி.எட். வகுப்புகளை நிரப்புகிறவர்களில் பெரிய பங்கு. டிகிரி முடித்ததும் ஒரு கடையிலோ டேட்டா என்ட்ரியிலோ சேர்ந்து வீட்டுக்கு உதவிக்கொண்டிருந்தவர், 'ரெண்டு வருஷம் பொறுத்துக்கங்க' என்று அப்பாவிடம் கேட்டுச் சேர்ந்திருப்பார். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பது உண்மையிலேயே பெரிய கை கொடுக்கிறது. ஆனால் பள்ளி மெயின் ரோட்டில் இருந்தால்தான் அது. உள்ளே தள்ளி இருந்தால் ஷேர் ஆட்டோ, தினமும் இரண்டு முறை.

முடித்தாலும் வேலை கைக்கு வருவதில்லை. 8-ம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வான 'டெட்' கட்டாயம். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அதில் இரண்டாம் தாள். தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டின் அரசாணை 149 படி, 'டெட்' பாஸ் செய்த பிறகு பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு. பி.எட். முடித்தவர்கள் 1 முதல் 5 வரை கற்பிக்கத் தகுதியில்லை என்று 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்தப் பக்கக் கதவும் மூடிக்கொண்டது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் 'டெட்' பாஸ் செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் வந்த தீர்ப்பு, ஸ்டாஃப் ரூமில் சீனியர்களையும் பயிற்சி ஆசிரியர்களையும் ஒரே கைடு புத்தகத்தைப் புரட்ட வைத்திருக்கிறது.

'படிப்புதானே' என்ற கேள்விக்கு வரலாம்

எம்.பி.பி.எஸ். படிப்பில் ஹவுஸ் சர்ஜன் ஓராண்டும் படிப்பின் பகுதிதான். அரசு மருத்துவமனையில் அவருக்கு மாதம்தோறும் உதவித்தொகை தரப்படுகிறது. ஜூனியர் வக்கீல் தொழில் கற்றுக்கொள்கிறவர்தான். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது. மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் பெரிய கம்பெனிகளில் பயிற்சி பெறுபவருக்கு மாதம் 5,000 ரூபாய். தொழிற்சாலை அப்ரண்டீஸ் கதை மேலே சொன்னதுதான். கற்றுக்கொள்ளும்போது காசு கிடையாது என்ற நியாயம் மற்ற தொழில்களில் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. டீச்சருக்கு மட்டும் 'புனிதமான பணி' என்று சொல்லி அதை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

அந்த வேலைக்கு விலை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2022-ல் தமிழ்நாடு அரசு 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப முடிவு செய்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று தொகை வைத்தது. பிறகு அது உயர்த்தப்பட்டது. அதே காலி இடத்தில் பயிற்சி ஆசிரியர் நிற்கும்போது அந்தத் தொகை பூஜ்யமாகிவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளும் 14 அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. கலந்தாய்வு மூலம் நிரப்பப்படும் பி.எட். இடங்கள் மொத்தம் 2,040. ஒவ்வொருவருக்கும் அப்ரண்டீஸ் விதியின் அதே 9,000 ரூபாயை நான்கு மாதத்துக்குக் கொடுத்தால் தலைக்கு 36,000. மொத்தம் ஆண்டுக்கு 7 கோடியே 34 லட்சம். ஒரு மாநில பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு என்பது உண்மை. அவர்களுக்குக் கல்லூரியும் அரசும் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். அது சண்டை போட்டுத்தான் வரும். ஆனால் 2,040 பேரில் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

கலிஃபோர்னியாவில் 'யுனிவர்சிட்டி இன்டர்ன்' என்று ஒரு வழி இருக்கிறது. டிகிரி முடித்தவர், பாட அறிவை நிரூபித்து, குறைந்தது 120 மணி நேர முன்பயிற்சி எடுத்துவிட்டால், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பள்ளியில் முழு ஆசிரியராகச் சம்பளத்தோடு வேலை பார்க்கலாம். இரண்டு ஆண்டுக்கு அந்த அனுமதி செல்லும். பதிலுக்குப் பள்ளியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆண்டுக்கு 144 மணி நேரம் அவருக்கு வழிகாட்டுதல் தர வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்று இன்னொரு 45 மணி நேரம்.

வேலை மாற நினைக்கும் அம்பத்தூர் ஐ.டி. ஊழியருக்கு இதைப் படித்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அப்படியே இங்கே இறக்கினால் வம்புதான். முன்பயிற்சி குறைவாக உள்ளவர் நேராக வகுப்புக்குள் போகிறார். அவர் போய்ச் சேருவது பெரும்பாலும் ஆள் கிடைக்காத பள்ளிக்கு, ஏழைப் பிள்ளைகளுக்கு. அங்கேயே எழுந்த விமர்சனம் இது. இங்கே வந்தால் காலியிடத்தை நிரப்ப அரசுக்கு இன்னொரு மலிவு வழி கிடைத்துவிடும்.

அந்த முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சம்பளத்தை விட, அந்த 144 மணி நேரத்தை. வழிகாட்டுதலை மணிக்கணக்கில் எழுதி வைத்து, அதைக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம் விதியில் மாணவர் எத்தனை நாள் வர வேண்டும் என்று சதவீதத்தில் இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவருக்காக ஒதுக்க வேண்டும், அதற்காக அவருக்கு எத்தனை பீரியட் குறைய வேண்டும் என்ற கணக்கு இல்லை. உதவித்தொகையோடு இதையும் சேர்த்து எழுதினால்தான், காசு கொடுத்து ஒரு தற்காலிக ஆசிரியரை வாங்கியதாக அது முடியாமல் இருக்கும். பயிற்சி ஆசிரியர் தனியாக எடுக்கும் வகுப்புக்கு ஒரு உச்ச வரம்பும், காலிப் பணியிடத்துக்கு அவரைக் காட்டக் கூடாது என்ற தெளிவான உத்தரவும் வேண்டும். இதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

சேரப் போகிறீர்களா?

கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு ஒன்று கேளுங்கள்: போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எந்தெந்தப் பள்ளிக்குப் போனார்கள், கல்லூரியிலிருந்து யார் வந்து வகுப்பைப் பார்த்தார்? சீனியரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் உண்மை வந்துவிடும். 'அதெல்லாம் வர வேண்டாம்' என்ற பதில் வந்தால், அந்தக் கல்லூரி எதை விற்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கல். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். கல்லூரி ஒரு மாவட்டம், வீடு இன்னொன்று என்பது இங்கே சகஜம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி வேண்டுமென்றால், பள்ளிக்கல்வித் துறைக் கணக்கில் அது எந்த மாவட்டத்தில் வருகிறது, எந்த முதன்மைக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கல்லூரியில் கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்கிற பள்ளிக்குத்தான் போக வேண்டியிருக்கும். திருமணம், பிரசவம், வீடு மாறுவது என்று எது திட்டத்தில் இருந்தாலும் அந்த எட்டு நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாத வீட்டுச் செலவை முன்பே சேர்த்து வைக்க முடிந்தால் பாதி மனபாரம் குறையும்.

நான்கு வருடப் பட்டம் அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்ற யோசனையோடு 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. ஒரு வரைவை வெளியிட்டது. ஒரு வருடம் மிச்சம் என்று மாணவர்களுக்குச் சந்தோஷம் வருவது இயல்பு. பள்ளியில் கழிக்கும் வாரங்களில் கை வைக்காமல் அந்த ஒரு வருடத்தை எங்கிருந்து குறைப்பார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வாரங்களைக் குறைத்துச் செலவைக் குறைப்பது சுலபமான வழி. 2015-க்கு முன்பு இருந்த இடமும் அதுதான்.

இப்போதைக்கு நடைமுறை பழையபடியேதான். 80-வது நாள் பயிற்சி நிறைவுச் சான்றில் ஹெச்.எம். கையெழுத்துப் போடுவார். ஏழாம் வகுப்பு 'பி' பிள்ளைகள் நோட்டிலிருந்து கிழித்த தாளில் பூ வரைந்து, 'மறக்காதீங்க மிஸ்' என்று எழுதிக் கொடுப்பார்கள். சிலது அழும். திங்கள்கிழமை காலை கணக்கு பீரியடுக்கு மணி அடிக்கும். வகுப்புத் தலைவன் எழுந்து ஸ்டாஃப் ரூம் பக்கம் போய், யார் வருவார்கள் என்று எட்டிப் பார்ப்பான்.